எஸ்ஸர்ட் சார்லஸ் பிற்கால ஹெவிவெயிட்டுகளிடம் தாக்குப்பிடித்திருப்பாரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில், எஸ்ஸர்ட் சார்லஸ் யார்?

1921ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்து, ஒஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரில் வளர்ந்த கறுப்பினக் குத்துச்சண்டை வீரர். 'சின்சினாட்டி நாகம்' என்பது பட்டப்பெயர். 1949 முதல் 1951 வரை, மேல் எடைவரம்பு இல்லாத கனத்த பிரிவான ஹெவிவெயிட்டில் உலக சாம்பியனாக இருந்தார். ஆனால் விவரம் தெரிந்த ரசிகர்கள் அவரைக் கொண்டாடுவது அதற்காக அல்ல. 175 பவுண்டு, அதாவது சுமார் 79 கிலோ எடைவரம்பு கொண்ட லைட் ஹெவிவெயிட் பிரிவில் இன்றுவரை அவருக்கு மேல் ஒருவர் வரவில்லை என்று பலர் சொல்வார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

அப்படியென்றால் லைட் ஹெவிவெயிட் பட்டத்தை எத்தனை முறை வென்றார்?

ஒருமுறைகூட இல்லை. அந்தப் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பே அவருக்குக் கொடுக்கப்படவில்லை. 1940களில் பட்டம் கஸ் லெஸ்னெவிச்சிடம் இருந்தது. போர்க்காலத்தில் அது யாருக்கும் பயனில்லாமல் முடங்கிக் கிடந்தது. போர் முடிந்த பிறகும் சார்லஸை அழைத்து மோத யாருக்கும் துணிவு வரவில்லை. கடைசியில் 1949ல், ஹெவிவெயிட் சாம்பியனான பிறகு, அதே லெஸ்னெவிச்சைத் தன் பட்டத்துக்கு எதிராளியாக ஏற்று 7 ரவுண்டுகளில் முடித்துவிட்டார். பின்னால் லைட் ஹெவிவெயிட் சாம்பியனான ஜோயி மேக்ஸிமை 5 முறை வென்றார். அவருக்குப் பின் சாம்பியனாகி வருடக்கணக்கில் பட்டத்தைக் கட்டிக்காத்த ஆர்ச்சி மூரை 3 முறை மோதி 3 முறையும் வென்றார். 1948 ஜனவரியில் நடந்த மூன்றாவது மோதல் 8ஆவது ரவுண்டில் நாக்அவுட். பட்டம் வைத்திருந்த இந்த மூவரையும் அடித்தவருக்குப் பட்டம் இல்லை. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இது.

அவர் 25 சண்டைகளில் தோற்றவர். அவரை எப்படி மிகச் சிறந்தவர் என்கிறீர்கள்?

தோல்விகளை எண்ணுவதற்கு முன் அவை எப்போது வந்தன என்று பார்க்க வேண்டும். 1951 ஜூலைக்கு முன்பு, பத்து வருடத்துக்கும் மேலான காலத்தில், 5 தோல்விகள்தான். அவற்றில் 4, அவர் ராணுவத்துக்குப் போவதற்கு முந்தைய இளவயதில் வந்தவை. 1946ல் திரும்பி வந்தபின் 1951 ஜூலை வரை ஒரே ஒரு தோல்வி: 1947ல் எல்மர் ரே என்ற ஹெவிவெயிட்டிடம் புள்ளிக்கணக்கில். அடுத்த ஆண்டே அவரை நாக்அவுட் செய்து கணக்கை நேர் செய்தார். மீதி 20 தோல்விகளும் ஜெர்சி ஜோ வால்காட்டிடம் பட்டத்தை இழந்த இரவிலிருந்து தொடங்குகின்றன. உடம்பு தளர்ந்த பிறகும் 1959 வரை பணத்துக்காக மோதிக்கொண்டே இருந்தார். பிற்பாடு அவரைப் படுக்கையில் தள்ளி 1975ல் உயிரைப் பறித்தது, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய்.

ஆகவே இந்தப் பக்கத்தில் நான் பேசுவது 1946 முதல் 1950 வரையிலான சார்லஸைப் பற்றி. 1954ல் அன்றைய ஹெவிவெயிட் சாம்பியன் ராக்கி மார்சியானோவிடம் தோற்ற சார்லஸ், அந்தச் சார்லஸின் நிழல்.

உயரம், எடை எவ்வளவு?

உயரம் 6 அடி, அதாவது 183 செ.மீ. லைட் ஹெவிவெயிட்டாக 77 முதல் 79 கிலோ. 1949ல் வால்காட்டோடு மோதியபோது சுமார் 82 கிலோ, 1950ல் முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ லூயிஸோடு மோதியபோது 84 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. லூயிஸ் அன்று 99 கிலோ. 15 கிலோ வித்தியாசத்தோடு 15 ரவுண்டும் ஆடி, புள்ளிக்கணக்கில் தெளிவாக வென்றார்.

ஆனால் அன்றைய லூயிஸுக்கு வயது 36. அது ஒரு வெற்றியா?

நியாயமான கேள்வி. ஓய்வு அறிவித்து, வரிக்கடன் நெருக்கியதால் திரும்பி வந்தவர் லூயிஸ். 1938ன் லூயிஸ் இல்லை. அதனால் அந்த வெற்றியை வைத்து 'லூயிஸைவிட சார்லஸ் பெரியவர்' என்று நான் வாதாட மாட்டேன்.

எனக்கு அந்தச் சண்டையில் முக்கியமானது முடிவைவிட அது நடந்த விதம். லூயிஸின் ஜாப் (முன்னால் நீட்டிய கையால் நேராக விடும் குத்து) அப்போதும் கனமாகவே இருந்தது. சார்லஸ் அதன் நுனியில் நிற்கவே இல்லை. ஜாப் வரும்போது தலையை வெளிப்பக்கம் சாய்த்து, அதே அசைவில் வலது கையை மேலாக விட்டு, உள்ளே நுழைந்து விலாவில் இடது ஹூக் (முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து), உடனே தோளை எதிராளியின் மார்பில் பதித்து அரை வட்டம் சுழன்று வெளியே. லூயிஸ் திரும்பி நிற்பதற்குள் இவர் வேறு பக்கத்தில் இருப்பார். இதை ஒருமுறை செய்வது பெரிதல்ல. 15 ரவுண்டு செய்தார். கனமான எதிராளி தன் கனத்தைச் சாய்க்க ஒரு ஆள் முன்னால் நின்றுகொண்டிருக்க வேண்டும். சார்லஸ் நிற்க மாட்டார். பிற்கால ஹெவிவெயிட்டுகளோடு அவரை மனதுக்குள் மோதவிடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: அந்த அரை வட்டத்தைச் சுழல இந்த எதிராளி விடுவானா?

லைட் ஹெவிவெயிட்டுகள் பொதுவாக ஹெவிவெயிட்டுகளிடம் அடி வாங்கித்தானே வந்திருக்கிறார்கள்?

பெரும்பாலும் ஆமாம். ஆனால் எப்படித் தோற்றார்கள் என்பதில் பாடம் இருக்கிறது.

பில்லி கான், 1941 ஜூன், நியூயார்க். அறிவிக்கப்பட்ட எடை 79 கிலோ. எதிரே உச்சத்தில் இருந்த லூயிஸ், 90 கிலோ. 12 ரவுண்டு முடிவில் இரண்டு பேருடைய புள்ளி அட்டையில் கான் முன்னணியில் இருந்தார், மூன்றாவதில் சமநிலை. 13ஆவது ரவுண்டில் நாக்அவுட் செய்யப் போய், தானே நாக்அவுட் ஆனார். ஓடி ஆடியிருந்தால் பட்டம் அவருடையது.

பாப் ஃபாஸ்டர், உயரம் 190 செ.மீ., லைட் ஹெவிவெயிட் வரலாற்றின் மிகக் கொடூரமான இடது கை. 1970ல் ஜோ பிரேசியர் இரண்டே ரவுண்டில் அவரை முடித்தார். 1972ல் முகமது அலியிடம் பலமுறை விழுந்து 8ஆவது ரவுண்டில் தோற்றார். அலியின் முகத்தில் வெட்டுக் காயம் ஏற்படுத்தியது மட்டும் மிச்சம்.

மைக்கேல் ஸ்பிங்க்ஸ், 1985. லைட் ஹெவிவெயிட் சாம்பியனாக இருக்கும்போதே ஹெவிவெயிட் பட்டத்தை வென்ற முதல் ஆள். தோற்றவர் சாதாரண ஆள் இல்லை. 48 சண்டைகளில் தோல்வியே காணாத லாரி ஹோம்ஸ். இன்னொன்றை வென்றிருந்தால் மார்சியானோவின் 49-0 கணக்கைத் தொட்டிருப்பார். ஸ்பிங்க்ஸ் செய்த காரியம் என்ன? உடற்பயிற்சி நிபுணர் ஒருவரை வைத்து, வேகத்தைக் கெடுக்காமல் எடையை 91 கிலோவுக்கு ஏற்றினார். அதே ஸ்பிங்க்ஸ் 1988ல் மைக் டைசனிடம் 91 வினாடியில் வீழ்ந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்புறம் ராய் ஜோன்ஸ், 2003. 87 கிலோவில் இறங்கி, 102 கிலோ ஜான் ரூயிஸைச் சுலபமாக வென்றார்.

ஒரே அடியை நம்பி நிற்பவர்கள் ஹெவிவெயிட்டில் சீக்கிரம் விழுகிறார்கள். ஃபாஸ்டர் அந்த ரகம். காலையும் கணக்கையும் நம்புகிறவர்களுக்கு வழி இருக்கிறது. சார்லஸ் இரண்டாவது ரகம்.

சரி, ஒவ்வொருவராக வருவோம். ஃப்ளாய்ட் பேட்டர்சன்?

சார்லஸ் வெல்வார். பேட்டர்சன் 1956ல் மூரை வென்று சாம்பியனானபோது எடை 83 கிலோதான். எடையில் குறையே இல்லாத மோதல் இது. பேட்டர்சனின் கை வேகம் அபாரம், ஆனால் தாடை உறுதியில்லை. சார்லஸின் வலது கை அதைக் கண்டுபிடித்துவிடும்.

சன்னி லிஸ்டன்?

இங்கே தோல்வி. லிஸ்டனின் உயரம் சார்லஸைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆனால் இரு கைகளையும் விரித்தால் 84 அங்குல நீளம், சார்லஸைவிடச் சுமார் 10 அங்குலம் கூடுதல். அவருடைய ஜாப் மற்றவர்களின் வலது கைக்குச் சமம். உள்ளே நுழைவதற்கே விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

முகமது அலி?

இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் பேர் காத்திருப்பார்கள். அலி என்றதும் 'பாவம் சார்லஸ்' என்று முடித்துவிட வேண்டாம். 1963ஐப் பாருங்கள். மார்ச்சில் 85 கிலோ டக் ஜோன்ஸ், லைட் ஹெவிவெயிட்டில் மோதிப் பழகியவர், அப்போது காசியஸ் க்ளே என்ற பெயரில் இருந்த அலியை 10 ரவுண்டும் திணறடித்தார். க்ளே வென்றபோது அரங்கத்தில் எதிர்ப்புக் குரல். ஜூனில் லண்டனில் 84 கிலோ ஹென்றி கூப்பர் ஒரே இடது ஹூக்கில் க்ளேயைக் கீழே சாய்த்தார். சார்லஸ் இந்த இருவரையும்விடப் பல படி மேல்.

ஆகவே 1963ன் க்ளேயோடு மோதினால் சார்லஸ் பக்கம் பணம் வைப்பேன். 1966, 67ன் அலி வேறு ஆள். அந்தக் கால்களையும் ஜாபையும் துரத்திப் பிடிக்க சார்லஸால் முடியாது. புள்ளிக்கணக்கில் அலிக்குத் தெளிவான வெற்றி, நாக்அவுட் இல்லாமல். 1970களின் பின்பாதியில், கால் ஓய்ந்து கயிற்றில் சாய்ந்து நின்ற அலியிடம் சார்லஸின் விலா அடிகள் எல்லாம் எண்ணிக்கையில் ஏறும். அந்த அலியை அவர் வென்றிருக்கலாம்.

பிரேசியர், ஃபோர்மன், நார்டன்?

பிரேசியர் சார்லஸுக்கு மிக மோசமான எதிராளி. காரணம் எடை அல்ல. பிரேசியர் 182 செ.மீ. தான், அலியை 1971ல் வென்றபோது சுமார் 93 கிலோ. ஆனால் மூச்சு விடாமல் மேலே வந்து விழுவார். சுழன்று வெளியேறும் திசையில் அந்த இடது ஹூக் காத்திருக்கும். 1951ல் பிட்ஸ்பர்கில் வால்காட் சார்லஸைச் சாய்த்ததும் இடது ஹூக்கால்தான். 10 ரவுண்டுக்கு மேல் போகும், ஆனால் பிரேசியர் வெல்வார்.

1973ன் ஃபோர்மன் இரண்டு கைகளாலும் ஆளைத் தள்ளி, தனக்கு வேண்டிய இடத்தில் நிறுத்தி வைத்து அடிப்பவர். 98 கிலோ ஆள் தள்ளினால் 84 கிலோ ஆளால் கால் ஊன்ற முடியாது. ஐந்து ரவுண்டுக்குள் முடிந்துவிடும். ஜிம்மி யங் 1977ல் ஃபோர்மனைப் புள்ளிக்கணக்கில் வென்றாரே என்று கேட்பார்கள். யங் அன்று 95 கிலோவுக்கு மேல். தள்ளினால் தாங்கும் உடம்பு.

கென் நார்டனோடு மோதினால் சார்லஸுக்கு நெருக்கமான புள்ளி வெற்றி.

லாரி ஹோம்ஸ்? ஸ்பிங்க்ஸ் வென்றாரே, சார்லஸ் வெல்ல மாட்டாரா?

ஸ்பிங்க்ஸ் வென்றது 35 வயது ஹோம்ஸை. அந்த ஹோம்ஸை சார்லஸும் வெல்வார், இன்னும் சுத்தமாக. 1978 முதல் 1982 வரையிலான ஹோம்ஸின் ஜாபைத் தாண்டி உள்ளே போவது வேறு வேலை. ஹோம்ஸ், புள்ளிக்கணக்கில்.

டைசன்?

தோல்விதான், ஆனால் 91 வினாடியில் அல்ல. ஸ்பிங்க்ஸ் அன்று ரிங்குக்குள் வரும்போதே பாதி தோற்றிருந்தார் என்பதை அந்தப் படத்தைப் பார்த்த யாரும் சொல்வார்கள். சார்லஸ் யாரைக் கண்டும் மிரண்டவர் அல்ல. மார்சியானோவோடு 15 ரவுண்டு முழுவதும் நின்ற ஒரே மனிதர் அவர், அதுவும் உச்சம் கடந்த பிறகு. முதல் நான்கு ரவுண்டைத் தாண்டினால் டைசனின் வேகம் குறையும், சார்லஸுக்கு வாசல் திறக்கும். ஆனால் அந்த நான்கைத் தாண்டுவார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. 1988ன் டைசன் 99 கிலோவில் 80 கிலோ ஆளின் வேகத்தோடு வந்தவர். சார்லஸின் பெரிய பலமான வேகம் அங்கே பலமாக இருக்காது.

ஹோலிஃபீல்ட்?

நான் மிகவும் பார்க்க ஆசைப்படும் மோதல். எவாண்டர் ஹோலிஃபீல்டும் இதே வழியாக வந்தவர்: 1984 ஒலிம்பிக்கில் லைட் ஹெவிவெயிட் வெண்கலம், பிறகு லைட் ஹெவிவெயிட்டுக்கும் ஹெவிவெயிட்டுக்கும் இடைப்பட்ட க்ரூசர்வெயிட், பிறகு 94 கிலோவில் ஹெவிவெயிட் சாம்பியன். இருவரும் நெருங்கி நின்று அடிகளைக் கோர்ப்பவர்கள். சார்லஸ் தன் 84 கிலோவிலேயே இறங்கினால் ஹோலிஃபீல்ட் வெல்வார். சார்லஸும் ஸ்பிங்க்ஸைப் போல 91 கிலோவுக்கு ஏறி வந்தால் யார் என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. சார்லஸைப் போலவே தோளில் அடியை உருட்டிவிட்டுத் திருப்பி அடிக்கும் ஜேம்ஸ் டோனி, மிடில்வெயிட்டில் தொடங்கிய 178 செ.மீ. ஆள், 2003ல் ஹோலிஃபீல்டை 9ஆவது ரவுண்டில் நிறுத்தினார். ஹோலிஃபீல்டுக்கு அப்போது 40 வயது. அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

லெனாக்ஸ் லூயிஸ், விளாடிமிர் கிளிட்ச்கோ, டைசன் ஃபியூரி?

மூவரிடமும் தோல்வி. இதில் எனக்கு ஊசலாட்டமே இல்லை.

இங்கே எடை மட்டும் இருந்தால் பரவாயில்லை. 143 கிலோ, 213 செ.மீ. நிக்கோலாய் வாலுயேவை 2009ல் 98 கிலோ டேவிட் ஹே வென்றார். வாலுயேவால் தன் உடம்பை வேகமாகத் திருப்ப முடியவில்லை. எடையும் திறமையும் சேர்ந்து வரும்போதுதான் சின்ன ஆளுக்குக் கதவு மூடுகிறது. கிளிட்ச்கோ 198 செ.மீ. உயரத்திலிருந்து ஜாப் விட்டு, நெருங்கினால் மேலே விழுந்து கட்டிப்பிடித்துத் தன் முழு எடையையும் கழுத்தில் தொங்கவிடுவார். ஃபியூரியும் இதையே 118 கிலோவில் செய்கிறார். முதுகில் நெல் மூட்டையோடு ரவுண்டு ரவுண்டாக ஆடுவது போலத்தான் அது. நான்காவது ரவுண்டில் தொடை எரியத் தொடங்கும், ஏழாவதில் அந்த அரை வட்டம் சுழலக் கால் வராது. சார்லஸின் கலை முழுக்கக் காலில் இருக்கிறது.

அப்படியானால் உசிக் எப்படி ஃபியூரியை வென்றார்? அவரும் சின்ன ஆள்தானே?

இந்த வாதத்தை அடிக்கடி பார்க்கிறேன். ஒலெக்சாண்டர் உசிக் 2024 மே மாதம் ரியாத்தில் ஃபியூரியை வென்றார், டிசம்பரில் மறுபடியும் வென்றார். முதல் மோதலில் உசிக் 101 கிலோ, ஃபியூரி 119. ஆனால் உசிக் 191 செ.மீ. உயரம், இடது கை ஆட்டக்காரர். ஃபியூரியின் பக்கத்தில் நிற்பதால்தான் சின்னவராகத் தெரிகிறார். 1950ல் லூயிஸுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அவரும் பெரிய ஹெவிவெயிட்தான். சார்லஸுக்கும் உசிக்குக்கும் இடையே 17 கிலோ இருக்கிறது. அந்தக் காலத்து லூயிஸ் சார்லஸ் வித்தியாசத்தைவிட அது அதிகம். உசிக் வென்றது, கனத்தைத் திறமையால் சமாளிக்கலாம் என்பதற்குச் சான்று. அந்தக் கனம் எவ்வளவு வரை என்பதற்கு அது சான்றாகாது.

சார்லஸ் இன்று பிறந்திருந்தால்?

அவர் காலத்தில் சண்டை நடக்கும் அன்று எடை பார்ப்பார்கள். இப்போது முந்தின நாளே பார்த்துவிடுகிறார்கள். 79 கிலோ காட்டிவிட்டு, தண்ணீரும் சாப்பாடும் ஏற்றிக்கொண்டு மறுநாள் 85 கிலோவில் ரிங்குக்கு வருவது இன்று சாதாரணம். அன்றைய ஹெவிவெயிட் சார்லஸின் எடை அது. அப்படியென்றால் இன்று அவர் லைட் ஹெவிவெயிட்டிலேயே இருந்து, சண்டையே தராமல் ஒதுக்கியவர்களின் தொல்லை இல்லாமல், தன் பட்டத்தை வைத்திருப்பார். ஆசைப்பட்டால் அடுத்த படி 200 பவுண்டு வரம்புள்ள க்ரூசர்வெயிட். அவர் காலத்தில் அந்தப் பிரிவே கிடையாது. 79 கிலோவுக்கு மேல் போனால் நேராக ராட்சதர்களிடம்தான்.

ஹெவிவெயிட்டிலும் ஒரு பட்டம் கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன். 1980களுக்குப் பிறகு மூன்று நான்கு அமைப்புகள் தனித்தனியாகச் சாம்பியன்களை வைத்திருந்தன. எல்லாரும் லெனாக்ஸ் லூயிஸ் அல்ல. ராய் ஜோன்ஸ் வென்ற ரூயிஸை சார்லஸ் தூக்கத்தில் வெல்வார்.

இன்றைய ஹெவிவெயிட்டுகள் அவர் காலத்துக்குப் போனால்?

இதை யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். அன்று பட்டச் சண்டை 15 ரவுண்டு, கையுறையும் இன்றைய 10 அவுன்ஸைவிட லேசு. 12 ரவுண்டுக்காகப் பழகிய 115 கிலோ உடம்பு 13, 14, 15ஆவது ரவுண்டுகளில் என்ன ஆகும்? கட்டிப்பிடித்துத் தொங்குவதற்கு அன்றைய நடுவர் எவ்வளவு இடம் கொடுப்பார்? ஃபியூரியிடம் சார்லஸ் தோற்பார் என்ற என் தீர்ப்பு மாறாது. ஆனால் இடைத்தரமான பெரிய உடம்புகள் பல அந்தக் கடைசி மூன்று ரவுண்டில் அவரிடம் சிக்கியிருக்கும்.

சார்லஸுக்கு முடிக்கும் வெறி இல்லை என்கிறார்களே?

1948 பிப்ரவரியில் சிகாகோவில் சாம் பருடி என்ற இளைஞர் சார்லஸிடம் நாக்அவுட் ஆகி, அந்தக் காயத்தால் உயிரிழந்தார். சார்லஸ் உடைந்துபோனார். குத்துச்சண்டையை விட்டுவிட நினைத்தார். திரும்பி வந்தபின் எதிராளி தடுமாறும் நேரத்தில் அவர் பின்வாங்குவதைப் பார்த்தவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். இதைக் குறையாகப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் கற்பனை மோதல்களில் இதற்கும் இடம் உண்டு: டைசனோ பிரேசியரோ ஒரு நொடி தடுமாறினால், 1948 ஜனவரியின் சார்லஸ் முடித்திருப்பார். 1950ன் சார்லஸ் காத்திருப்பார். அப்படிப்பட்டவர்களிடம் காத்திருப்பது ஆபத்து.

எந்தச் சண்டையிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

1950 செப்டம்பர் லூயிஸ் சண்டையிலிருந்து. கையைப் பார்க்காமல் காலைப் பாருங்கள். அடுத்து 1954 ஜூன், மார்சியானோவோடு முதல் மோதல். அதில் 4ஆவது ரவுண்டில் மார்சியானோவின் இடது கண்ணருகே விழும் வெட்டையும், அதற்குப் பிறகு மார்சியானோ எப்படி மேலே மேலே வந்து அழுத்துகிறார் என்பதையும் கவனியுங்கள். பிரேசியர் சார்லஸை வெல்வார் என்று நான் ஏன் சொல்கிறேன் என்பது அந்த 15 ரவுண்டிலேயே இருக்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் நடந்த இரண்டாவது மோதலில் மார்சியானோவின் மூக்கு பிளந்தது. மருத்துவர் நிறுத்திவிடும் நிலை. அதனால்தான் அவசரமாகப் பாய்ந்து 8ஆவது ரவுண்டில் சார்லஸை முடித்தார். லைட் ஹெவிவெயிட்டாக உச்சத்தில் இருந்த சார்லஸைக் காட்டும் படங்கள் அரிது. ஆகவே இந்த மூன்றையும் பார்த்துவிட்டு, அவரிடம் இன்னும் ஒரு படி வேகத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.